கடலோர ஊர்கள் ஏன் எரிகின்றன? மத்தியதரைக் கடல் காட்டுத்தீ பற்றி ஓர் எளிய விளக்கம்

கிரேக்கத் தலைநகர் ஏதென்ஸுக்குக் கிழக்கே, கடலோரத்தில் மாட்டி என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. ஏதென்ஸ்காரர்கள் கோடைக்கு வந்து தங்க வீடு கட்டிக்கொண்ட இடம். பைன் மரங்களுக்கு நடுவே வீடுகள், கொஞ்ச தூரம் நடந்தால் கடல். 2018 ஜூலை 23 மாலை பக்கத்து பெந்தேலி மலையில் பிடித்த தீ, மேற்கிலிருந்து அடித்த பேய்க்காற்றில் இரண்டு மணி நேரத்துக்குள் சாலையைத் தாண்டி, ஊரைத் தாண்டி, கடல் விளிம்புவரை வந்துவிட்டது. மொத்தம் 104 பேர் இறந்தார்கள். அவர்களில் 26 பேரின் உடல்கள் ஒரே மனைக்குள் கிடைத்தன. சிலர் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்தபடி இருந்தார்கள். கடல் அங்கிருந்து சில பத்து மீட்டர் தூரம்தான்.

எத்தனை முறை படித்தாலும் மனம் ஆறாத செய்தி இது. கடல் பக்கத்தில் இருந்தும் ஏன் போய்ச் சேர முடியவில்லை என்று யாருக்கும் கேட்கத் தோன்றும். காரணம் ஊர் கட்டப்பட்ட விதத்தில் இருக்கிறது. திட்டம் எதுவும் இல்லாமல் மனை மனையாக வளர்ந்த ஊர் அது. தெருக்கள் குறுகல், பல தெருக்கள் முட்டுச்சந்தில் முடியும், கடற்கரையை ஒட்டிய மனைகளுக்கு வேலி, வேலிக்கு அப்பால் பாறைச் சரிவு. புகையில் கண் தெரியாமல் ஓடியவர்களுக்குக் கடலுக்கு இறங்கும் வழி கிடைக்கவில்லை. வழி கிடைத்தவர்கள் தண்ணீரில் மணிக்கணக்காக நின்றார்கள், நீந்தினார்கள், சிலர் மூழ்கிப்போனார்கள். மீன்பிடிப் படகுகளும் கடலோரக் காவல்படையும் வந்து நூற்றுக்கணக்கானவர்களைத் தூக்கிச் சென்றன.

வருடா வருடம் ஜூலை, ஆகஸ்ட் வந்தால் கிரேக்கம், துருக்கி, இத்தாலி, ஸ்பெயின், போர்ச்சுகல், பிரான்சின் தென்பகுதி என்று வரிசையாகத் தீச்செய்தி வரும். சுற்றுலாப் பயணிகள் பெட்டியை இழுத்துக்கொண்டு கடற்கரையில் ஓடும் படம் வரும். அடுத்த நாளே 'எவன் வைத்த தீ இது' என்ற பேச்சு தொடங்கிவிடும். இந்தக் கட்டுரையில் இரண்டு விஷயங்களை மட்டும் சொல்லப் பார்க்கிறேன். அங்கே தீ எப்படி உண்டாகிப் பரவுகிறது என்பது ஒன்று. மக்கள் அதை எப்படிப் பார்க்கிறார்கள், அந்தப் பார்வை எங்கே அவர்களைத் தவறான பக்கம் இழுத்துப்போகிறது என்பது இன்னொன்று. எனக்கு இரண்டாவதுதான் முக்கியமாகப் படுகிறது, ஆனால் முதலாவது புரியாமல் அதைப் பேச முடியாது.

முதலில் பருவத்தைப் பார்ப்போம். நம் ஊரில் கடும் வெயில் மாதங்களில்கூட நடுநடுவே கோடை மழை வந்து மண்ணை நனைத்துவிட்டுப் போகும். மத்தியதரைக் கடலைச் சுற்றி அப்படி இல்லை. அங்கே மழை குளிர்காலத்துக்கானது. ஜூன் முதல் செப்டம்பர் வரை பல இடங்களில் ஒரு சொட்டுகூட விழாது. அதாவது வருடத்தின் மிகச் சூடான மாதங்களும் மிக வறண்ட மாதங்களும் ஒன்றாகவே வருகின்றன. கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் நடுவே இருக்கும் ஏகியன் கடல் பக்கம் மெல்டெமி என்ற வடகாற்று பலமாக வீசுவதும் அதே மாதங்களில். விடுமுறைக் கூட்டம் வந்து நிறைவதும் அதே மாதங்களில்தான். மழை இல்லாத நீல வானத்தைத் தேடித்தான் லட்சக்கணக்கானவர்கள் அங்கே போகிறார்கள், தீக்கும் அந்த வானம்தான் வேண்டும்.

அந்த மண்ணின் செடிகொடிகள் இதற்குப் பழகியவை. அலெப்போ பைன் என்று ஒரு மரம், அங்கே கடலோர மலைகளில் எங்கும் பார்க்கலாம். அதன் காய்களில் ஒரு பகுதி பிசினால் இறுக ஒட்டிக்கொண்டு வருடக்கணக்கில் திறக்காமல் மரத்திலேயே இருக்கும். தீ வந்து பிசின் உருகியதும் செதில் செதிலாக விரிந்து, இறகு முளைத்த விதைகளைச் சாம்பல்மேல் தூவும். முதல் மழைக்கு விரல் நீளத்தில் பச்சையாக நாற்றுகள் எட்டிப்பார்க்கும். கார்க் ஓக் மரம் வேறு வழி வைத்திருக்கிறது. பாட்டில் மூடி செய்கிறோமே, அந்தத் தக்கைப் பட்டைதான் அதன் கவசம். வெளியே கரியாகிப் போனாலும் உள்ளே உயிர் இருக்கும், மறுபடி துளிர்க்கும். ஆக, தீ அந்த நிலத்துக்கு நேற்று வந்த விருந்தாளி கிடையாது, ஆயிரமாயிரம் வருடங்களாக வந்துபோகும் ஒன்று. ஆனால் எத்தனை வருடத்துக்கு ஒருமுறை வருகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பைன் நாற்று வளர்ந்து போதுமான விதை வைக்கப் பதினைந்து, இருபது வருடமாவது ஆகும். அதற்குள் இன்னொரு தீ வந்துவிட்டால் தூவ விதை இருக்காது, காடு புதர்க்காடாகிவிடும்.

சரி, எப்போதும் வந்துபோன தீ இப்போது மட்டும் ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது? பூமி சூடாவது ஒரு காரணம், அதில் சந்தேகமே இல்லை. வெப்ப அலைகள் நீள்கின்றன, தீக்காலம் முன்பே தொடங்கிப் பிந்தி முடிகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025இல் மட்டும் 10 லட்சம் ஹெக்டேருக்கு மேல் எரிந்தது. ஆனால் பலர் கவனிக்காத இன்னொரு காரணம் உண்டு, அது ஆடு.

விறகடுப்பு மூட்டியவர்களுக்கு இது உடனே புரியும். பெரிய கட்டையில் நேராகத் தீக்குச்சியைக் காட்டினால் பற்றாது. முதலில் சருகு, அப்புறம் சுள்ளி, அதன்மேல் நடுத்தர விறகு, கடைசியில்தான் கட்டை பிடிக்கும். காடும் அப்படித்தான் எரிகிறது. காய்ந்த புல்லில் தொடங்கும் தீ புதருக்கு ஏறி, புதரிலிருந்து தாழ்ந்த கிளைக்கு ஏறி, அங்கிருந்து மர உச்சிக்குப் போய்விட்டால், உச்சியிலிருந்து உச்சிக்குத் தாவி ஓடும் அந்தத் தீயை எந்தத் தீயணைப்பு வண்டியாலும் நேருக்கு நேர் நின்று தடுக்க முடியாது. நடுவில் இருக்கும் சருகும் சுள்ளியும்தான் ஏணி.

அறுபது, எழுபது வருடங்களுக்கு முன்னால் அந்த மலைகளில் ஏணியே சேராது. வெள்ளாடும் செம்மறியும் புல்லையும் புதரையும் கடித்து வைக்கும். பெண்கள் அடுப்புக்குச் சுள்ளி பொறுக்கிப் போவார்கள். கரிமூட்டம் போடுபவர்கள், பைன் மரத்தைக் கீறிப் பிசின் எடுப்பவர்கள் என்று காட்டுக்குள் எப்போதும் ஆள் நடமாட்டம் இருக்கும். மலைச்சரிவில் படிக்கட்டு போல வயல் வெட்டி ஒலிவமும் திராட்சையும் வைத்திருந்தார்கள். அப்புறம் இளைஞர்கள் நகரத்துக்குப் போனார்கள், கடற்கரை விடுதிகளில் வேலைக்குப் போனார்கள். வயல்கள் தரிசாயின, தரிசில் புதர் ஏறியது, புதருக்குள் பைன் முளைத்தது. தூரத்திலிருந்து பார்த்தால் பச்சைப்பசேலென்று அழகாக இருக்கிறது, பயணிகளுக்கும் அது பிடிக்கிறது. கிட்டப் போய்ப் பார்த்தால் பல வருடச் சருகும் சுள்ளியும் அடுக்கி வைத்த விறகுக் கட்டு. அந்தக் கட்டுக்கு நடுவிலேயே கோடைவீடுகளும் விடுதிகளும் எழுந்தன.

போர்ச்சுகலில் இதோடு தைலமரமும் சேர்ந்துகொண்டது. நம் யூகலிப்டஸ்தான். காகிதக் கூழுக்காக நட்டு நட்டு, இன்று அந்நாட்டுக் காடுகளில் ஏறக்குறைய கால் பங்கு அதுதான். உரிந்து தொங்கும் அதன் பட்டை எரிந்துகொண்டே காற்றில் வெகுதூரம் பறக்கும். 2017 ஜூன் 17 அன்று பெத்ரோகாவ் கிராந்தே பகுதியில் பிடித்த தீயில் 66 பேர் இறந்தார்கள். அதில் 47 பேர், தப்பிப் போகிறோம் என்று நம்பி வண்டியெடுத்துக் கிளம்பிய ஒரே சாலையில் இறந்தவர்கள். சாலையின் இரு பக்கமும் பைனும் தைலமரமும் விளிம்புவரை நின்றன.

இனி மக்கள் பார்வைக்கு வருவோம். எந்த ஊரில் தீ பிடித்தாலும் முதலில் எழும் கேள்வி 'யார் வைத்தது?' இது நியாயமான கேள்விதான், ஏனென்றால் மத்தியதரைப் பகுதியில் பத்தில் ஒன்பது தீக்கு மேல் மனிதரால்தான் தொடங்குகின்றன. ஆனால் 'மனிதரால்' என்றால் 'வேண்டுமென்றே' என்று அர்த்தம் ஆகாது. குப்பை எரித்தது, வயலில் அறுத்த பயிரின் தாளைக் கொளுத்தியது, வெல்டிங் பொறி, உரசிக்கொண்ட மின்கம்பி, வீசியெறிந்த சிகரெட் துண்டு என்று பெரும்பாலும் கவனக்குறைவு. 2025 ஜூலையில் பிரான்சின் மார்செய் நகரத்தின் விளிம்புவரை வந்து விமான நிலையத்தையே மூடவைத்த தீ, சாலையோரத்தில் பற்றிக்கொண்ட ஒரு காரிலிருந்து கிளம்பியது.

நிலத்துக்காகக் கொளுத்துகிறார்கள், எரிந்த இடத்தில் நாளைக்கு விடுதி வரும் என்ற பேச்சு அங்கே ஒவ்வொரு நாட்டிலும் உண்டு. சட்டம் அதற்கு எதிராகத்தான் இருக்கிறது. கிரேக்கத்தின் 1975 அரசியலமைப்பே, எரிந்த காடு காடாகவே தொடரும், அதில் மறுபடி மரம் வளர்க்க வேண்டும் என்கிறது. துருக்கி அரசியலமைப்பும் அப்படியே. இத்தாலியில் 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி எரிந்த காட்டு நிலத்தின் பயன்பாட்டை 15 வருடத்துக்கு மாற்ற முடியாது. ஸ்பெயினில் 30 வருடம். இருந்தும் ஜனங்கள் நம்ப மறுக்கிறார்கள், அவர்களைக் குறை சொல்லவும் என்னால் முடியவில்லை. கிரேக்கத்தில் நிலப் பதிவேடு வேலை 1995 முதல் இழுத்துக்கொண்டே போனது. அனுமதி இல்லாமல் கட்டிய வீடுகளுக்கு அபராதம் வாங்கிக்கொண்டு அங்கீகாரம் கொடுக்கும் சட்டங்கள் திரும்பத் திரும்ப வந்தன. சட்டம் ஒன்று சொல்ல, கண்ணெதிரே வேறொன்று நடக்கப் பார்த்தவர்களுக்குச் சந்தேகம் வராமல் இருக்காது.

ஆனால் அந்தச் சந்தேகம் எங்கே போய் முடிகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2021 ஆகஸ்டில் அல்ஜீரியாவின் கபிலியா மலைகளில் பெருந்தீ, 90 பேருக்கு மேல் இறந்தார்கள். தீயணைக்க உதவ வேண்டும் என்று வேறு ஊரிலிருந்து கிளம்பி வந்த ஓர் இளம் ஓவியரை, இவன்தான் தீ வைத்தவன் என்று சந்தேகப்பட்டுக் கூட்டம் அடித்தே கொன்று, உடலையும் கொளுத்தியது. அவர் குற்றமற்றவர். இரண்டு வருடம் கழித்து, 2023 ஆகஸ்டில் கிரேக்கத்தின் எவ்ரோஸ் பகுதியில், ஐரோப்பிய ஒன்றியம் 2000ஆம் ஆண்டிலிருந்து வைத்திருக்கும் பதிவுகளிலேயே மிகப் பெரிய தீ எரிந்தபோது, துருக்கி எல்லை தாண்டி வந்த அகதிகள்தான் வைத்தார்கள் என்ற பேச்சு பரவியது. ஒரு டிரெய்லர் வண்டிக்குள் சிலரைப் பூட்டி வைத்து வீடியோ எடுத்துப் போட்ட விவகாரத்தில் மூவர் கைதானார்கள். அதே நாட்களில் அதே காட்டுக்குள் ஒரே இடத்தில் 18 உடல்கள் எரிந்து கிடந்தன. காட்டு வழியாக ஒளிந்து வந்துகொண்டிருந்த அகதிகளின் உடல்கள் அவை. தீ வைத்ததாகப் பழி சுமத்தப்பட்டவர்கள்தான் அந்தத் தீயில் அதிகம் இறந்தவர்கள். இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் அந்தப் பழி பரவிய அளவுக்கு இந்த உண்மை பரவவில்லை.

பொறி எதிலிருந்து வந்தாலும், அது காய்ந்த சருகில் விழுந்தால் ஒன்று, ஆடு மேய்ந்த தரையில் விழுந்தால் வேறொன்று. 'யார் வைத்தது' என்று கேட்டால் ஓர் ஆள் கிடைப்பான், வழக்கு நடக்கும், அத்தோடு பேச்சு முடிந்துவிடும். 'எது எரிந்தது, ஏன் அவ்வளவு சேர்ந்து கிடந்தது' என்று கேட்டால் நில உரிமையாளர், ஊராட்சி, வனத்துறை, மின்வாரியம், விடுதி கட்டியவர், வாங்கியவர் என்று பலரும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அதனால்தான் அந்தக் கேள்வி அதிகம் எழுவதில்லை.

இரண்டாவது பார்வை விமானத்தைப் பற்றியது. மஞ்சளும் சிவப்பும் பூசிய கனடேர் என்ற தீயணைப்பு விமானம் கடலில் உரசிக்கொண்டே போய்ப் பன்னிரண்டே விநாடியில் 6,000 லிட்டர் தண்ணீரை மொண்டு எழுவதைக் கண்ணால் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். தீ பிடித்ததும் ஊர் முழுக்க வானத்தைப் பார்க்கும், விமானம் எங்கே என்று கேட்கும். 2021இல் துருக்கியின் மானவ்காட், மர்மாரிஸ் பகுதிகள் எரிந்தபோது மக்களின் கோபம் முழுக்க அந்தக் கேள்வியைச் சுற்றித்தான் இருந்தது. கோபத்தில் நியாயமும் இருந்தது. ஆனால் இரவிலும் பலத்த காற்றிலும் அடர்புகையிலும் விமானங்களால் வேலை செய்ய முடியாது. அவை தீயின் வேகத்தைக் குறைக்கும், அணைப்பது தரையில் நிற்கும் ஆட்கள்தான். 2023 ஜூலையில் கிரேக்கத்தின் எவியா தீவில் ஒரு கனடேர் விழுந்து இரண்டு விமானிகள் உயிரைக் கொடுத்தார்கள், அவ்வளவு ஆபத்தான வேலை அது. விமானத்துக்குப் போகும் பணத்தையும் பேச்சையும் பார்க்கும்போது, குளிர்காலத்தில் புதர் வெட்டும் வேலைக்கு எதுவும் மிஞ்சுவதில்லை. கிரேக்கத்தில் 1998இல் காட்டுத்தீயை அணைக்கும் பொறுப்பை வனத்துறையிடமிருந்து எடுத்துத் தீயணைப்புத் துறையிடம் கொடுத்தார்கள். காட்டைத் தெரிந்தவர் ஒரு பக்கம், தீயணைப்பவர் இன்னொரு பக்கம் என்று பிரிந்துபோனது அதோடுதான்.

மூன்றாவது, கிளம்புவதா இருப்பதா என்ற சண்டை. மாட்டித் தீக்குப் பிறகு கிரேக்கத்தில் 112 என்ற எண்ணிலிருந்து எல்லாக் கைபேசிக்கும் எச்சரிக்கை வருகிறது. 'உடனே வெளியேறுங்கள்' என்று வந்தால் கிளம்ப வேண்டும். 2021இல் எவியாவின் வடபகுதி எரிந்தபோது ஆயிரக்கணக்கானவர்களைப் படகில் ஏற்றிக் காப்பாற்றினார்கள், உயிர்ச்சேதம் மிகக் குறைவு. ஆனால் கிளம்ப மறுத்து, தோட்டக் குழாயும் பச்சைக் கிளையுமாக நின்று தங்கள் ஊரைக் காப்பாற்றிய கிராமத்தார்களும் உண்டு. வீட்டை மட்டும் காப்பாற்றி என்ன பயன், பிசின் எடுக்கும் பைன் மரம் எரிந்துபோனால் பிழைப்பு போனதுதானே என்று அவர்கள் கேட்டார்கள். அந்த மரத்தை நம்பித் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த குடும்பங்கள் அவை, புதிதாக நட்ட பைன் பிசின் கொடுக்கப் பல பத்தாண்டு ஆகும். உயிரைக் காப்பாற்றியதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஊரை ஆளில்லாமல் விட்டு எரியவிட்டதைப் பற்றிய அவர்கள் வேதனையும் உண்மையானது.

சுற்றுலா வந்தவர்களின் பார்வை வேறு. 2023 ஜூலையில் ரோட்ஸ் தீவின் உள்மலையில் நாலைந்து நாளாக எரிந்துகொண்டிருந்த தீ, காற்று திரும்பியதும் தென்கிழக்குக் கடற்கரை விடுதிகளை நோக்கி இறங்கியது. சுமார் 19,000 பேரை வெளியேற்றினார்கள், கிரேக்கத்தில் அதுவரை அப்படி ஒன்று நடந்ததில்லை. மலையில் நாட்கணக்காகப் புகை தெரிந்தும் பலர் நீச்சல் குளத்தருகே படுத்திருந்தார்கள். அது அலட்சியம் என்று சொல்லிவிடுவது சுலபம். வழி தெரியாது, மொழி தெரியாது, 'இது சகஜம்' என்று யாரோ சொன்னால் நம்புவதைத் தவிர வேறென்ன செய்வார்கள்? அன்று இரவு உள்ளூர்க்காரர்கள் பள்ளிக்கூடத்தையும் விளையாட்டு அரங்கத்தையும் திறந்துவிட்டு, தண்ணீரும் சாப்பாடும் போர்வையும் கொண்டுவந்து கொடுத்தார்கள். மறுபக்கம் புதுப் பயணிகளோடு விமானங்கள் அதே தீவில் இறங்கிக்கொண்டிருந்தன. தீவின் பெரும்பகுதிக்கு எதுவும் ஆகவில்லை, பருவத்தை இழந்தால் வருடம் முழுக்கக் கஷ்டம் என்பதால் 'ரோட்ஸ் திறந்துதான் இருக்கிறது' என்று அவர்கள் சொல்ல வேண்டியிருந்தது.

ஐரோப்பாவில் வாழும் நம்மவர்கள் பலர் ஆகஸ்ட் விடுமுறைக்குக் குடும்பத்தோடு அந்தப் பக்கம் போகிறார்கள் என்பதால் இரண்டு வார்த்தை. தங்கும் இடத்திலிருந்து வெளியேற இரண்டு வழிகளைப் போன அன்றே நடந்து பார்த்து வையுங்கள். மார்செய் பக்கத்துக் கலாங்க் மலைகளில் ஆபத்து அதிகமான நாட்களில் நடைபாதைகளை மூடிவிடுவார்கள், மூடியிருந்தால் திரும்பிவிடுங்கள். காய்ந்த புல்மேல் சூடான காரை நிறுத்தாதீர்கள், கரி அடுப்பு வேண்டவே வேண்டாம். 112 செய்தி வந்தால் பெட்டியைக் கட்டிக்கொண்டிருக்காதீர்கள்.

செய்ய முடிந்தது நிறைய இருக்கிறது, சிலர் செய்தும் காட்டியிருக்கிறார்கள். பிரான்சின் தென்பகுதியில், காட்டிலிருந்து 200 மீட்டருக்குள் இருக்கும் வீட்டுக்காரர்கள் வீட்டைச் சுற்றி 50 மீட்டர் புதர் வெட்டிச் சுத்தமாக வைக்க வேண்டும் என்பது சட்டம். வீடுகளில் பல சுவாலை தொட்டு எரிவதில்லை, பறந்து வரும் கங்கு கூரை இடுக்கிலும் வாசலில் கிடக்கும் விறகிலும் விழுந்துதான் எரிகின்றன, அதனால் அந்த 50 மீட்டர் பெரிய விஷயம். ஸ்பெயினின் கத்தலோனியாவில் தீயணைப்பு வீரர்களே குளிர்காலத்தில் கணக்குப் பார்த்து, சின்னச் சின்னதாகக் காட்டின் அடிப்பகுதியைக் கொளுத்தி விடுகிறார்கள். அங்கேயே ஆட்டுக்காரர்களிடம், எந்தச் சரிவில் புதர் குறைந்தால் பெருந்தீ நிற்கும் என்று காட்டி மேயவிடும் ஏற்பாடும் உண்டு. அந்த ஆட்டுக்கறிக்கு 'தீ மந்தை' என்று தனி முத்திரை குத்திக் கசாப்புக் கடைகளில் விற்கிறார்கள்.

போர்ச்சுகலில் ஃபெராரியா டி சாவோ ஜோவாவ் என்று ஒரு குக்கிராமம். 2017 ஜூன் தீ அந்த ஊரையும் சூழ்ந்துகொண்டது. ஊரின் ஓரத்தில் முன்னோர் காலத்துக் கார்க் ஓக் மரங்கள் கூட்டமாக நின்றன, அந்தப் பக்கம் வந்த தீ அங்கே வேகம் இழந்தது. தீ தணிந்ததும் ஊர்க்காரர்கள் கூடிப் பேசினார்கள். ஊரைச் சுற்றி 100 மீட்டருக்குத் தைலமரமே கூடாது என்று முடிவெடுத்தார்கள். பணம் தரும் மரம் அது, நிலமோ பலர் பெயரில் துண்டு துண்டாக இருந்தது, பலர் வெளியூரில். ஒவ்வொருவராகச் சம்மதம் வாங்கி, வேரோடு பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் ஊர் மண்ணுக்குரிய மரங்களை நட்டார்கள். கார்க் ஓக் முதல்முறை பட்டை உரிக்கத் தயாராக 25 வருடமாவது ஆகும்.